பின்வளவில் பூக்காத பூ

சான்றுப்பொருளின் மேல் சுடுதேத்தண்ணிக் கோப்பையை வைத்தவன் நான்தான். மறுக்கவில்லை. சோளகக் காற்று அந்தக் காய்ந்த பூவைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. ஏதாவது பாரம் வேண்டும் என்று நினைத்தேன். கையில் இருந்த பாரம் அதுதான்.

"தூக்கடா கோப்பையை!" என்றார் கதிரவேலு மாஸ்ரர்.

தூக்கினேன். மஞ்சள் பூ தப்பியிருந்தது. அதன் இலைதான் கீழே கிடந்த கடிதவுறையோடு ஒட்டிக்கொண்டது. சுற்றிவர எண்ணெய் பட்டதுபோல் ஒரு பொட்டு.

"என்னத்தைத் திண்டனீ, கோபி?"

"சத்தியமா ஒண்டுமில்லை, சேர். வெறுந்தேத்தண்ணிதான்."

மாஸ்ரர் தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நல்லூரில் என் போட்டோக்கொப்பிக் கடைதான் அவருடைய துப்பறியும் அலுவலகம். காணாமற்போன சங்கிலி, மொட்டைக் கடிதம் எல்லாம் இங்கேதான் வரும். நான் உதவியாளன். உதவி எப்படிப்பட்டது என்று மேலே பார்த்தீர்கள்.

பூவைக் கொண்டுவந்தவர் குருநகர் பெர்னடெட் அன்ரி. எதிரே வாங்கில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். இலையையே பார்த்தார், என்னை ஏசவில்லை.

"மகன் ஜெரிசன் ரொறன்ரோவிலை, மாஸ்ரர். பெரிய லொறி ஓடுறவன். நாட்டின்ரை ஒரு கரையிலையிருந்து மற்றக் கரைக்குப் போவான். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கதைச்சதுதான். ஏழு மாசமா குரல் இல்லை. எழுத்திலை மட்டும் மெசேஜ் வரும். தொண்டையிலை ஒப்பரேசன், கதைக்கக் கூடாதாம் எண்டு மருமகள் ஜெசிதா சொல்லுறா. இப்ப என்ரை பிறந்தநாளுக்கு இது வந்தது."

வாழ்த்து அட்டையில் 'எங்கடை வீட்டுப் பின்வளவில் பூத்தது, அம்மா' என்று எழுதியிருந்தது.

"அவன் எங்கை இருக்கிறான்? அதை மட்டும் சொல்லுங்கோ."

மாஸ்ரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். இலை முழுவதும் வெள்ளை மயிர், சவரம் செய்யாத என் கன்னத்தைப் போல.

"இது வறண்ட நிலத்துச் செடி. ஈரம் போகாமல் போர்த்துக்கொண்டு நிக்குது" என்றவர், படம் எடுத்து வன்கூவரில் காட்டிலாகாவில் வேலை செய்யும் பழைய மாணவி வசந்தினிக்கு அனுப்பினார். அங்கே இரவு ஒன்பது மணி. பதில் உடனே வந்தது. அந்த நாட்டின் மேற்கு மலைகளில், வறண்ட காட்டில் பூக்கும் பூ. பனி கரைந்ததும் பழைய வேரிலிருந்தே வருடா வருடம் முளைக்கும். வேர் அலவாங்குக் கம்பி மாதிரி ஆழமாக இறங்கும். பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பிழைக்காது. ரொறன்ரோவில் பின்வளவு இருக்கலாம், இந்தப் பூ இராது.

"பிடிச்சிட்டன் சேர்!" நான் துள்ளினேன். "உவர் மேற்கிலை வேறை குடும்பம் வைச்சிருக்கிறார்!"

அன்ரியின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. அந்த அவதூறை அவர் விரும்பினார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மாஸ்ரர் பொட்டின் விளிம்பை நகத்தால் தொட்டார். அது ஆறி வெள்ளையாக இறுகியிருந்தது. மணந்து பார்த்தார். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொப்பி மெசினுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"எண்ணெய் ஆறினால் இறுகாது" என்றார் மெதுவாக. "இது மெழுகு. உன்ரை கோப்பைச் சூட்டிலை உருகியிருக்கு. வழுவழுப்பான இலையெண்டால் எப்பவோ உதிர்ந்திருக்கும். மயிர் பிடிச்சு வைச்சிருக்கு. காட்டுச் செடியிலை மெழுகு எப்பிடி விழும்?"

"ஆரோ பக்கத்திலை மெழுகுதிரி கொழுத்தியிருக்கினம்."

"மலைப்பாதை ஓரத்திலை. மாரிப் பனியிலை லொறி சறுக்குற பாதை. பனி கரையுமட்டும் காத்திருந்து வந்து கொழுத்தியிருக்கினம்."

"சேர், அப்ப ஜெரிசன்…"

"காத்துக் கூடிப்போச்சு. முன்கதவைச் சாத்து."

"சேர், உயிரோடை இருக்கிறாரோ இல்லையோ?"

மகரந்தச் சேர்க்கையை நாற்பது நிமிடம் விளக்கக்கூடிய மனிதர், மெசினின் மூடியைத் திறந்தார், மூடினார்.

வெளியே வந்தோம். "அம்மா, இது பின்வளவுப் பூ இல்லை. மலைக்காட்டுப் பூ" என்ற மாஸ்ரர் பூதக்கண்ணாடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். என்னிடம் எப்போதும் கைவசம் இருக்கும் பகிடிகளைத் தேடினேன்.

"அன்ரி, தேத்தண்ணி போடட்டோ?"

"அது மெழுகு, தம்பி" என்றார் அவர். "நீங்கள் கோப்பை வைக்க முந்தியே நான் சுரண்டி மணந்து பாத்தனான். என்ரை மனிசன்ரை கல்லறையிலை முப்பது வருசமாச் சுரண்டுறன். ஒவ்வொரு நவம்பரும் சேமக்காலையிலை கொழுத்திப்போட்டு, அடுத்த நாள் போய்த் துப்பரவாக்கிறது நான்தானே."

"தெரிஞ்சுகொண்டு ஏன் அன்ரி எங்களிட்டை வந்தனீங்கள்?"

மாஸ்ரர் என் காலை மிதித்தார். அன்ரி என்னை நேரே பார்த்தார்.

"நான் நினைச்சது பிழையெண்டு படிச்ச ஆக்கள் ஆராவது சொல்லுவியள் எண்டுதான்."

பூவை அட்டைக்குள் வைத்தார். உறையில் ஒட்டிய இலையைக்கூட விடவில்லை.

"விடிஞ்சாப்பிறகு ஜெசிதாவைப் போனிலை எடுத்துத் தாங்கோ, தம்பி. இனி அவன்ரை பேரிலை எனக்கு எழுதவேண்டாம் எண்டு சொல்லவேணும். இப்ப வேண்டாம், அங்கை இரா. அந்தப் பிள்ளை நித்திரை கொள்ளட்டும்."