வருமுன்காணிக்குத் தெரிந்தது

வருமுன்காணி என்ற கருவி வந்த பிறகு, திடீர் நோய் என்று ஒன்று உலகத்தில் இல்லாமல் போயிற்று. மணிக்கட்டை அதன் பள்ளத்தில் இரண்டு நிமிடம் வைத்தால் போதும். எந்த உறுப்பு எந்த ஆண்டில் மக்கர் செய்யும் என்று சொல்லிவிடும். சொல்வது நமக்கல்ல, காப்பீட்டு நிறுவனத்துக்கு. நமக்குப் படுத்த பிறகுதான் தெரியும்.

ஜார்ஜியா நாட்டின் திபிலீசி நகரத்து மருத்துவமனை ஒன்றில் தணிகாசலம் அப்படித்தான் படுத்திருந்தார். சுற்றுலா வந்த மூன்றாம் நாள் இதய வால்வு கிழிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தாக வேண்டும். பயணக் காப்பீட்டு நிறுவனம் சம்மதித்தால்தான் நடக்கும். நிறுவனமோ முடியாது என்றுவிட்டது. அதனால் அவர் மனைவி பூங்கோதை வராந்தாவில் நின்றபடியே, சென்னையில் இருக்கும் அவசரத் தீர்ப்பாயத்தின் முன் திரை வழியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

எதிர்த்தரப்பில் நிறுவனத்தின் அதிகாரி நிரஞ்சன். சட்டையின் இஸ்திரி மடிப்புகூடக் கலையாத ஆள்.

"மேடம், வால்வு தேய ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. பழைய நோய்க்குக் காப்பீடு கிடையாது. விண்ணப்பத்துல அறுபத்திரண்டு கேள்விக்கும் 'இல்லை'ன்னு போட்டிருக்கார். மறைச்சிருக்கார்."

"ஊருக்குக் கிளம்புற நேரத்துல யாராவது வியாதி பேரை எழுதுவாங்களா சார்? வாசல்ல நின்னு 'போறேன்'னுகூட சொல்லமாட்டோம், 'போய்ட்டு வரேன்'னுதான் சொல்வோம். நானும்தான் எல்லாத்துக்கும் 'இல்லை' போட்டேன்."

தீர்ப்பாளர் ஹபீபா சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் சட்டத்தின் முன் அது பதிலாகாது. நிரஞ்சன் முகத்தில் அதற்குள் வெற்றிக்களை வந்துவிட்டது.

பூங்கோதை திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கணவரின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"பதினோரு வருஷம்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"வருமுன்காணி சொல்லிச்சு."

"எப்ப சொல்லிச்சு?"

"பாலிசி எடுத்த அன்னைக்கு. ஏர்போர்ட் கவுன்ட்டர்ல ரெண்டு பேரும் கை வெச்சீங்களே."

"அப்ப அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"அது நிறுவனத்தோட ரகசியக் குறிப்பு மேடம்."

"சார், மின்வாரியத்துல வீடு வீடாப் போய் ரீடிங் எடுத்த கடைசி ஆளுங்கள்ல நான் ஒருத்தி. மீட்டரைப் பாத்து எழுதிக்கிட்டு வந்துட்டு, 'எனக்குத் தெரியாது, வீட்டுக்காரங்கதான் மறைச்சாங்க'ன்னு சொல்லியிருந்தா என்னை வேலையில வெச்சிருப்பாங்களா? அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே வாயை மூடிக்கிட்டு பாலிசி குடுத்திருக்கீங்க. இப்ப சொல்லுங்க, மறைச்சது யாரு?"

ஹபீபா அதிகம் யோசிக்கவில்லை. அறிந்தவரே சொல்லக் கடமைப்பட்டவர் என்றார். சிகிச்சைக்கு இந்த நிமிடமே சம்மதம் தர வேண்டும். வருமுன்காணி கண்டதை ஒவ்வொரு பயணியிடமும் நிறுவனம் ஒரே நாளுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தார். தமிழ் ஒரு சொல்கூடப் புரியாத தாதியர் கைதட்டினார்கள். பூங்கோதை ஓவென்று அழுதார். கட்டில் அறுவை அறைக்கு உருண்டு போனபோது அழுதுகொண்டே கையாட்டினார்.

மறுநாள் காலை தணிகாசலம் கண் விழித்து, "காபி கெடைக்குமா?" என்றார். அதற்குள் ஊரெல்லாம் இதே பேச்சு. அந்த நிறுவனத்தின் நான்கு கோடிப் பயணிகளுக்காக ஒரு பெண் தனியாக நின்று ஜெயித்துவிட்டார் என்று தொலைக்காட்சிகள் கொண்டாடின. பூங்கோதைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்போது கைப்பேசியில் ஒரு கடிதம் வந்தது. நிறுவனம் தீர்ப்பை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தது.

'திருமதி பூங்கோதை அவர்களுக்கு, உங்கள் இரண்டு சிறுநீரகங்களும் மூன்று ஆண்டுகளில் செயலிழக்கும். இதை இப்போது நீங்களும் அறிவீர்கள். ஆகவே இது இனி நீங்கள் அறிந்த பழைய நோய். இதற்குக் காப்பீடு இல்லை.'

நான்கு கோடிப் பேருக்கும் இந்நேரம் ஆளுக்கொரு கடிதம் போயிருக்கும் என்பது அவருக்கு மெல்ல உறைத்தது.

"யாரு கோதை? இன்னா எழுதியிருக்காங்க?" என்றார் தணிகாசலம்.

பூங்கோதை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் போர்வையைச் சரிசெய்தார்.

"ஒண்ணுமில்லைங்க. வாழ்த்துதான்."