குவாரியைச் சுற்றும் கோடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்காவும் தங்கையும் பழைய கல்குவாரியின் வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். அக்கா எலும்புமுறிவு வார்டில் நர்ஸ். தங்கை முழங்காலில் அறுவை முடிந்து எட்டு மாதம் வீட்டோடு கிடந்தவள். வெளியே நடக்கலாம் என்று டாக்டர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓரடி கூடாது, மூட்டு மறுபடி வீங்கினால் இன்னோர் அறுவைதான் என்றும் சொல்லியிருந்தார்.

வழியைத் தேர்ந்தெடுத்தது அக்கா. அவள் போனில் ஓர் ஆப். அதில் ஊரார் நடந்த நடையெல்லாம் மேப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அதிகம் நடந்த பாதை அதிகம் சிவக்கும். குவாரியைச் சுற்றிய கோடு ரத்தச் சிவப்பாக இருந்தது. இத்தனை பேர் நடக்கிறார்கள் என்றால் மேடுபள்ளம் இருக்காது, ஆள் நடமாட்டமும் இருக்கும் என்று நினைத்தாள். வார்டில் ஒரு மாத்திரை மாறினால் கண்டுபிடித்துவிடுகிறவள், இதில் கோட்டைவிட்டாள்.

தூரம் தாண்டாமல் கணக்குப் பார்க்க, அக்கா ஆப்பில் தங்கள் நடையின் பதிவைப் போட்டுவிட்டாள். உள்ளே ஈ காக்கை இல்லை. பனி இறங்கியிருந்தது. ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் புல் முளைக்காமல் தேய்ந்திருந்த பாதை. ஈரக் கல்லின் வாசனையோடு வலித்தைல நெடியும் வந்தது. தைலம் தேய்த்துக்கொண்டு வந்தாயா என்று கேட்டதற்குத் தங்கை இல்லை என்று தலையாட்டினாள்.

பாதிச் சுற்றில் பின்னால் காலடி கேட்டது. சரக். சரக். யாரோ வேகமாக நடந்து வருகிறார்கள். இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

காலடி அவர்களைக் கடந்து போனது.

யாரும் போகவில்லை.

தங்கை அந்தச் சத்தத்தின் பின்னாலேயே நடக்கத் தொடங்கியிருந்தாள். அதே வேகம். நொண்டவில்லை. கூப்பிட்டால் திரும்பவும் இல்லை.

"வலிக்கவே இல்லக்கா," என்றாள், முன்னால் பார்த்தபடியே.

அவளுடைய முழங்கால் துணிக்குள் உப்பிக்கொண்டிருந்தது.

அக்கா போனை எடுத்து அந்தச் சிவப்புக் கோட்டை அழுத்தினாள். விவரம் விரிந்தது. இதுவரை நடந்த சுற்றுகள்: 61,208.

நடந்தவர்: ஒருவர்.

அவளுக்குப் பயத்தை மீறிக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராத்திரி பகல் பாராமல் அவள் நீட்டி மடக்கித் தேற்றிய கால் அது. ஓடிப்போய்த் தங்கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்துவிட்டு, பாதையின் குறுக்கே நின்றாள். முன்னால் போன காலடி நின்றது. திரும்பி வந்தது. ஒரு சாண் தூரத்தில் தைல நெடி முகத்தில் அடித்தது.

"இவ என் தங்கச்சி. உனக்குத் துணை வேணும்னா வேற இடத்துல தேடு."

"ஒரே ஒரு சுத்துக்கா," தங்கை கிசுகிசுத்தாள். "பாவம், தனியா நடக்குது."

"நடக்கட்டும்டி."

நோயாளியைத் தூக்குகிற வாகில் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கோடே இல்லாத முள்புதருக்குள் அக்கா இறங்கினாள். முள் கையைக் கிழித்தது. பாதையை விட்டு இறங்க வழி தெரியாத காலடி, மேலே இங்கும் அங்கும் அலைந்தது. அவர்கள் வண்டியை எடுத்து வீடு வந்து சேரும் வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐஸ் வைத்ததில் வீக்கம் மூன்று நாளில் வடிந்தது. அறுவை வேண்டாம் என்றார் டாக்டர். அன்றைக்குத்தான் அக்கா நிம்மதியாக ஆப்பைத் திறந்தாள். திறந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். பதற்றத்தில் பதிவை நிறுத்த மறந்திருந்தாள். அது தானாகவே ஊருக்கெல்லாம் பகிர்ந்திருந்தது: முள்புதர் வழியாக, சாலை வழியாக, வீட்டு கேட் வரை புதிதாக ஒரு கோடு.

இல்லாத வழியை அவளே போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அழித்தாள். கோடு போகவில்லை. மறுநாள் கொஞ்சம் சிவந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். காலை ஏழு மணிக்கு கேட்டருகே தைலம் மணத்தது.

அக்கா வீட்டைக் காலி செய்யவில்லை. கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"நின்னுக்கோ," என்றாள் வெறும் சாலையைப் பார்த்து. "எனக்கு வேலையே கண்முழிச்சுக் காவலிருக்குறதுதான். எத்தனை நாள்னு பாத்துடலாம்."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். கோடு கேட்டைத் தாண்டி ஒரு புள்ளி கூட உள்ளே வரவில்லை.

இன்று காலை தங்கை கூடத்தில் பயிற்சி நடை நடந்துகொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு. கேட்டுக்கு வெளியேயும் ஒன்று, இரண்டு. தங்கை வெளுத்துப்போய் நின்றாள்.

"நிக்காத," அக்கா நாற்காலியிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "உன் நடைய நீ நட. தாளத்த மாத்து."

தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு, வேண்டுமென்றே ஓரடி நீளமும் ஓரடி குட்டையுமாக நடந்தாள்.

வெளியே காலடி தடுமாறியது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறகு, ஓரடி நீளமும் ஓரடி குட்டையுமாக, அதுவும் நடந்தது.