சக்கரத்துக்கு ஒரு கல்

வேகம் இருபத்தைந்தைத் தொட்டதும் பிக்கப் தானாகவே இரண்டாவது கியருக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. மெக்கானிக் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பார்த்தான், மறுபடி மிதித்துப் பார்த்தான். எஞ்சின் முதல் கியரிலேயே தொண்டை கிழியக் கத்தியதே தவிர, மூடுபனி அப்பிய அந்த மேட்டுச் சாலையில் வண்டி சைக்கிள் வேகத்தில்தான் நகர்ந்தது. சனியன் பிடித்த ஆட்டோமேட்டிக், படுத்துக்கொள்ள இன்றைக்கா நாள் பார்த்தது!

பக்கத்து இருக்கையில் அவனுடைய எட்டு வயது மகள் முன்னால் குனிந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே இழுப்பு. மத்தியானத்தோடு இன்ஹேலரும் தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் பதினாறு கிலோமீட்டர். இப்படியே ஊர்ந்தால் ஒரு மணி நேரம் ஆகும். அவளுடைய உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. போனில் சிக்னல் இல்லை, எதிரே ஒரு வண்டியும் வரவில்லை.

"அப்பா... போய்டலாம்ல?"

"போய்டலாம்டா கண்ணு. அப்பா பிரிச்சுப் போடாத கியர்பாக்ஸா? அஞ்சே நிமிஷம்."

சாலை இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தினான். வலது பக்கம் ஆஸ்பத்திரி. இடது பக்கம் அவனுடைய பழைய ஷெட், பூட்டி மூன்று வருடமாகிறது. அந்தப் பக்கம் அவன் தலையைத் திருப்பவில்லை.

பேட்டரி நோஞ்சான், அணைத்தால் மறுபடி கிளம்பாது. எஞ்சினை ஓடவிட்டே ஹேண்ட்பிரேக்கை இழுத்து, லீவரைப் பார்க்கில் தள்ளி, பானட்டைத் தூக்கினான். கியர் ஆயிலைக் குச்சியில் தொட்டு முகர்ந்தான். நல்ல சிவப்பு, கருகல் வாடை இல்லை, அளவும் சரி. வேக்குவம் ட்யூபை விரலால் நெருடினான். வெடிப்பில்லை. ஆக்ஸிலேட்டர் கேபிளும் ஒழுங்காக இழுபட்டது. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. லீவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கம்பி. அதைப் பார்க்க அடியில் போகவேண்டும்.

அந்த ஷெட்டில், இதே வண்டிக்கு அடியில்தான் அவன் தம்பி செத்தான்.

அன்றைக்கு அந்தக் கம்பியை மாட்டியவன் இவன். இரண்டு பல் தள்ளி மாட்டிவிட்டான். லீவர் பார்க்கைக் காட்டியது, உள்ளே கியர்பாக்ஸ் நியூட்ரலில் கிடந்தது. சக்கரத்துக்குக் கல் வைக்கலாமா என்று தம்பி கேட்டான். "ரெண்டு நிமிஷ வேலைக்கு எதுக்குடா கல்லு, போடா உள்ள" என்று இவன்தான் அதட்டினான். வண்டி உருண்டது. ஆட்கள் வருவதற்குள் கம்பியைச் சரியாக மாட்டிவிட்டு, தம்பிதான் நியூட்ரலில் விட்டுவிட்டுப் படுத்தான் என்று எல்லோரிடமும் சொன்னான். பெற்ற தாயிடமும் அதையே சொன்னான்.

அதற்குப் பிறகு கல் வைக்காமல் அவன் எந்த வண்டிக்கடியிலும் போனதில்லை. ஓடி ஓடிக் கல் பொறுக்கி நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் அண்டக் கொடுத்தான். பின்சக்கரத்தருகே குனிந்தபோது கை அப்படியே நின்றது. பட்டை ஸ்பிரிங் தட்டையாக அமுங்கி, டயர் மட்கார்டை முட்டிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தான். பின்னால் சரக்குத் தட்டில் ஒன்றுமே இல்லை. ஈரப் பலகையிலிருந்து கிராம்பு வாசனை வந்தது. தம்பி எந்நேரமும் வாயில் அடக்கியிருக்கும் கிராம்பு.

மகளின் மூச்சு விசிலடித்தது. யோசிக்க நேரமில்லை. உள்ளே நுழைந்தான்.

டார்ச்சை அடித்தான். கம்பி இரண்டு பல் தள்ளி மாட்டியிருந்தது.

அதே இரண்டு பல்.

அப்படியென்றால் வண்டி இப்போதும் நியூட்ரலில்தான் நிற்கிறது. ஹேண்ட்பிரேக்கும் கல்லும்தான் தாங்கிக்கொண்டிருக்கின்றன. நட்டைக் கழற்றி, கம்பியை இழுத்துப் பூட்டினான். 'டக்'கென்று பார்க் விழுந்தது. அப்பாடா! இனி இரண்டாவது விழும், மூன்றாவதும் விழும்.

தலைக்கு மேல் ஸ்பிரிங் முனகியது. வண்டியின் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது.

இரண்டு கால்கள் தரையில் இறங்கின. வெறுங்கால்கள். கிரீஸ் கறுப்பு. இடது பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. அன்றைக்கும் அப்படித்தான் கிடந்தது.

ஒரு கை குனிந்து வந்து கல்லை எடுத்தது. அடுத்த கல்லையும். அவசரமே இல்லை.

"டேய்... டேய் தம்பி, குழந்தைடா. அவளை விட்டுடுடா. நான்தான்டா மாட்டினேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்டா!"

டிரைவர் பக்கக் கதவு திறந்தது. மூடியது. முன்பக்கம் தாழ்ந்தது.

"குட்டி! இறங்கு! கதவைத் திறந்து குதி!"

"சித்தப்பா வந்திருக்காருப்பா." குரலில் இழுப்பே இல்லை. கணீரென்று இருந்தது. "இப்ப மூச்சே முட்டலப்பா."

லீவர் நகரும் சத்தம். ஒவ்வொரு பல்லாக.

வண்டி அவன்மேல் ஒரு நூல்கூட உரசாமல் கடந்து போனது. புரண்டு எழுந்து ஓடினான். விழுந்தான். பின் கண்ணாடியில் இரண்டு தலைகள் தெரிந்தன. சின்னத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது.

இரண்டாவது கியர் விழுந்தது. மூன்றாவது. துளி உதறல் இல்லை.

மூடுபனிக்குள் இடது பக்க இண்டிகேட்டர் மினுக்கத் தொடங்கியது.