இன்னும் ஒருவர்

ஆறாம் வகுப்பு எந்நேரமும் கலகலவென்று இருக்கும். ஜன்னலோரப் பெஞ்சில் மட்டும் ரைஹானத் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

உம்மாவுக்கு மேலப்பாளையத்தில் வேலை கிடைத்ததால், பாதி வருஷத்தில் காயல்பட்டினத்திலிருந்து வந்து சேர்ந்தவள் அவள். யாரும் அவளிடம் சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. இதற்குச் சண்டையே போட்டிருக்கலாம்!

அன்று ஹெப்சிபா டீச்சர் ஸ்மார்ட் போர்டில் தாமிரபரணி பற்றிய வீடியோவை ஓடவிட்டார். அது நடுநடுவே நின்று கேள்வி கேட்கும். எல்லோரும் கையிலுள்ள டேப்லெட்டில் விடையைத் தொட்டால்தான் மேலே ஓடும். ஒருத்தர் பாக்கி என்றாலும், ‘இன்னும் ஒருவர் பதில் தரவில்லை’ என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கும்.

ரைஹானத் ஏதோ யோசனையில் விடையைத் தொட மறந்துவிட்டாள்.

“யாருலே அது?” என்று கத்தினான் தேவசிகாமணி.

“நான்தான்,” என்றாள் மெதுவாக.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அட, அவள் அங்கே இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே!

அடுத்த கேள்விகளுக்கெல்லாம் அவள் வேண்டுமென்றே தாமதித்தாள்.

“ஏ பிள்ள, சீக்கிரம் தொடேன்!” என்று திட்டினார்கள். திட்டினால் என்ன? அவளிடம் பேசினார்கள் அல்லவா!

ஆனால் வீடியோவில் ஆறு ஸ்ரீவைகுண்டம் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. ரைஹானத்துக்குச் சுருக்கென்றது. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் அவள் ஊருக்குப் பக்கம். அந்தக் கடலைப் பார்க்க அவளுக்குக் கொள்ளை ஆசை. அவளே மறித்துவிட்டாள், யாரைக் குறை சொல்வது?

“நாளையோட இந்தப் பாடம் முடிஞ்சிரும்,” என்றார் டீச்சர்.

மறுநாள் ரைஹானத் விடைகளைப் படபடவென்று தொட்டாள். ஆறு ஏரலைத் தாண்டியது. கடல் வரப்போகும் நேரத்தில் வீடியோ நின்றது.

‘இன்னும் ஒருவர் பதில் தரவில்லை.’

“மறுபடியும் நீயா?” என்று தேவசிகாமணி அவளை முறைத்தான்.

அவள்தான் அப்போதே தொட்டுவிட்டாளே! டேப்பைத் தூக்கிக் காட்டப் போனவள், கடைசிப் பெஞ்சைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அங்கே நஸீமா தனியாகக் குனிந்திருந்தாள். அவளுடைய தோழி போன வாரம்தான் குடும்பத்தோடு துபாய்க்குப் போய்விட்டாள். நஸீமாவின் விரல் டேப்புக்கு மேலேயே நின்றது. தொடவில்லை.

ரைஹானத்துக்குப் புரிந்துவிட்டது.

“ஒரு நிமிஷம், டீச்சர்,” என்று பையை எடுத்துக்கொண்டு நஸீமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“விடை தெரியும்லா?” என்று காதோரம் கேட்டாள்.

“தெரியும்.”

“பொறவு ஏன் தொடல?”

நஸீமாவின் கண் கலங்கியது.

“நானும் நேத்து இதத்தான் செஞ்சேன்,” என்றாள் ரைஹானத். “யாராவது திரும்பிப் பாப்பாங்கன்னுதான?”

நஸீமா நிமிர்ந்து பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு விடையைத் தொட்டாள்.

ஆறு ஓடியது. திரை முழுக்கக் கடல் விரிந்தது.

“இங்கன பக்கத்துலதான் எங்க ஊரு,” என்றாள் ரைஹானத்.

“கடல்ல கால் நனைச்சிருக்கியா?”

“தெனமும். ஒருநாள் என் செருப்பையே அலை இழுத்துட்டுப் போயிடுச்சு!”

நஸீமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரம் புதுப் பாடம், புது வீடியோ. அதுவும் நடுவில் நின்றது.

‘இன்னும் இருவர் பதில் தரவில்லை.’

வகுப்பே கடைசிப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அங்கே இருந்த இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை. பேச்சு சுவாரஸ்யத்தில் இருந்தார்கள்.