எல்லாவற்றையும் அழி

படிக்கட்டு இருக்கும் கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள் என்று திரை கேட்டது. சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிய அந்தப் படத்தைப் பார்த்ததும் கமாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. படத்திலிருந்த படிக்கட்டு அச்சு அசல் அவர் வீட்டுப் படிக்கட்டு. கைப்பிடியில் ஒரு கறுப்புக் குடை தலைகீழாகத் தொங்கியது. அவரும் அப்படித்தான் மாட்டுவார். உலகத்தில் நான் ஒருத்தன்தான் குடை மாட்டுகிறேனா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கட்டங்களைத் தட்டினார்.

கமா என்பது பதிப்பகத்துக்காரர்கள் வைத்த பட்டப்பெயர். புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவர் தொழில், ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் மனுஷன் விடமாட்டார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த மாடி வீட்டில் அவர் மட்டும்தான். வேலை ஈமெயிலில் வரும், தாளில் எடுத்துச் சிவப்பு மையால் திருத்தியதும் ஈமெயிலில் போகும். சிவப்பு மைக் கறை படிந்த ஆள்காட்டி விரலும் அவருமாக வாரக்கணக்கில் வாய் திறக்காமல் கழியும். பட்டப்பெயரைச் சொல்லிக் கேலி செய்யக்கூட ஆளில்லாமல் போனது அவருக்கு உள்ளூர வலித்தது.

பிரவுசர்களைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, அது நல்ல அபிப்பிராயம் இல்லை. எந்தக் கம்பெனி பிரவுசரானாலும் சரியான வம்புக்காரப் பயல். ஒருநாள் செருப்பு விலை பார்த்துத் தொலைத்தால் மாதம் பூராவும் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவான் என்பார். "நான் எங்க போனேன், என்ன பாத்தேன்னு ஞாபகம் வச்சுக்க இவன் யாரு?" அதனால் தினமும் வேலை முடிந்ததும் ஹிஸ்டரி, குக்கீ, பாஸ்வேர்ட் என்று சகலத்தையும் சேர்த்து, 'எல்லாவற்றையும் அழி' என்ற பொத்தானை அழுத்திவிட்டுத்தான் எழுவார். கடல் தாண்டி இருக்கும் மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"இப்படியே தொடச்சுக்கிட்டு இருங்க. ஒருநாள் உங்களையே யாருக்கும் அடையாளம் தெரியாமப் போயிரும்ப்பா."

அவள் சொன்னது பாதி பலித்துவிட்டது. எந்த இணையதளத்துக்குப் போனாலும் அவரை முன்பின் தெரியாத ஆளாக வாசலிலேயே நிறுத்தி, நீ மனிதன்தானா என்று நிரூபிக்கச் சொன்னது. மற்ற நாளென்றால் திட்டிக்கொண்டே தட்டிவிட்டுப் போவார். இன்று மகளுக்குப் பிரசவம். சிக்கலான பிரசவம், ஆபரேஷன். உள்ளே கொண்டுபோவதற்கு முன் அப்பா முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றாள். அவரிடம் இருப்பதோ பட்டன் போன், வீடியோ காலில் முகம் பார்க்க இந்தக் கம்ப்யூட்டரை விட்டால் வேறு கதியில்லை.

அடுத்த படம் வந்தது. கதவு இருக்கும் கட்டங்கள்.

பழுப்புக் கதவு. தாழ்ப்பாளுக்குக் கீழே, என்றைக்கோ ஒரு கோபத்தில் மனைவி சாவியால் கீறிய அந்தக் கோடு. கமாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அடுக்களையில் உறுமிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் ஒரு குலுக்கலோடு அடங்க, அதுவரை கேட்காத சத்தங்களெல்லாம், குழாய் சொட்டுவதும், ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்வதும், தன் மூச்சு மூக்கில் உரசுவதும், ஒவ்வொன்றாகக் காதுக்கு வந்து சேர்ந்தன. அவர் கதவுக் கட்டங்களைத் தட்டினார். திரை மறுபடியும் கதவையே கேட்டது. அதே கதவு. இந்த முறை கொஞ்சம் திறந்திருந்தது.

கீழேயிருந்து ஈரமண் வாசனை படியேறி வந்தது. கீழ்க் கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் மேலே வந்தோம் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

போன் அடித்தது. பதறி எடுத்தார்.

"அப்பா, எங்கப்பா இருக்கீங்க? ஸ்ட்ரெச்சர் வந்திருச்சு."

"இதோ வந்துட்டேன்டா கண்ணு. இந்தச் சனியன் உள்ள விட மாட்டேங்குது."

"பயமா இருக்குப்பா. சீக்கிரம் வாங்க."

படியில் ஏதோ ஏறியது. மெதுவாக. ஈரக் காலடி.

படம் மாறியது. மனிதர் இருக்கும் கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த அறை. பின்னாலிருந்து எடுத்த படம். மேஜை, திரை, திரைக்கு முன்னால் குனிந்த ஒரு வழுக்கைத் தலை. அவர் தலை. இந்தப் பக்கம், அறை வாசலில், இன்னொருவர். அதே கட்டம்போட்ட சட்டை. அதே வழுக்கை.

திரும்பினார். வாசல் காலி. தரையில் மட்டும் ஈரம்.

படத்தில் தன் தலை இருந்த கட்டத்தைத் தட்டினார். தோளைத் தட்டினார். தவறு, மீண்டும் முயலுங்கள் என்றது. இரண்டு பேரையும் தட்டினார். தவறு.

"நான்தான்டா," என்றார் திரையைப் பார்த்து. "நான்தான் மனுஷன்."

தவறு.

போன் மறுபடி அடித்தது. மகள். உள்ளே போகப் போகிறாள். தனியாக. என்ன ஆனாலும் ஆகட்டும். கமா படத்தில் வாசலில் நின்றவரை மட்டும் தட்டினார்.

பச்சை டிக். நன்றி என்றது.

மகளின் முகம் திரை முழுக்க மலர்ந்தது. "அப்பா! வந்துட்டீங்களா!"

"வந்துட்டேன்ம்மா," என்றார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஓரத்துச் சின்னப் பெட்டியில் அவர் முகம்தான் தெரிந்தது. அவர் வாய் அசைந்தது. அந்த வாய் அசையவில்லை.

பிறகு அது அசைந்தது.

"நான் இங்கதான்டா கண்ணு இருக்கேன்," என்றது அவர் குரல், அவருக்குப் பின்னாலிருந்து. "தைரியமாப் போயிட்டு வா."

"இப்பப் பயமே இல்லப்பா," என்று மகள் கண்ணீரோடு சிரித்தாள். திரை அணைந்தது.

அவர் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஈரக் கை. ஆள்காட்டி விரலில் சிவப்பு மைக் கறை. கமா தன் விரலைப் பார்த்தார். கறை இல்லை.

அந்தக் கை மவுஸைப் பிடித்தது. அவசரப்படவில்லை. வேலை முடிந்ததும் தினமும் அவர் போகிற வழியிலேயே போய், அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தியது.

எல்லாவற்றையும் அழி.

விரல் இறங்கியது.