ஐந்தருவியில் குளித்தவன்

தென்காசி சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குள் பெலிக்ஸ் நுழைந்தபோது, ஒரு கையில் மகளின் செல்போன், மறு கையில் மகள். அவருக்கு ஐந்தருவிச் சாலையில் பழக்கடை. தினமும் காலையில் அருவி நிலவரத்தை வீடியோவாகப் போடுவதால் ஏட்டு கிங்ஸ்லிக்கும் அவர் முகம் அத்துப்படி.

"அம்மா, எம்மவ ஜெனி யாருக்கும் சொல்லாம சென்னைக்கு ரயிலேறப் பாத்தா. அங்கன ஒரு பையைக் குடுப்பாங்களாம். கூட்டத்துக்குள்ள வச்சிட்டு வரணுமாம்!"

இன்ஸ்பெக்டர் சுகிர்தம் அந்தச் செல்போனை வாங்கி, வந்திருந்த செய்திகளை நிதானமாக வாசித்தார். கிங்ஸ்லியும் எட்டிப் பார்த்தான். முதலில் தாயை இழந்தவளுக்கு ஆறுதல், பிறகு ரகசியச் செயலிக்கு அழைப்பு, அங்கே ரத்தம் தெறிக்கும் வீடியோக்கள், கடைசியில் பை.

"தடை செஞ்ச பயங்கரவாதக் கும்பலோட வீடியோ இது" என்றார் சுகிர்தம்.

"இதை அனுப்புற ஜெஸ்வின் அப்படிப்பட்டவன் இல்ல" என்றாள் ஜெனி. "நம்ம ஊருப் பையன். எங்கம்மா நினைவு நாளுகூட அவனுக்குத் தெரியும்."

"பக்கத்துக் கடை ஒலி முகம்மது வேலைதான்!" பெலிக்ஸ் கத்தினார். "செல்போன் கடைக்காரன். எங்க வீட்டுக் கதை வேற எவனுக்குத் தெரியும்?"

அவர் வாய் மூடுவதற்குள் கிங்ஸ்லி ஜீப்பைக் கிளப்பிவிட்டான். அரை மணி நேரத்தில் ஒலி முகம்மது மிரண்டுபோய் எதிரே நின்றார்.

சுகிர்தம் ஒரு செய்தியை மட்டும் உரக்கப் படித்தார். "செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. 'ஐந்தருவியில் இப்போதுதான் குளித்தேன். தண்ணீர் அளவாக விழுகிறது.'"

"செவ்வாயா?" ஒலி முகம்மது விழித்தார். "அன்னைக்கு வெள்ளம்லா! விடியுமுன்னயே குளிக்கத் தடை போட்டுட்டாங்களே. நான் கடையே தொறக்கல."

"அதான். உள்ளூர்க்காரன் எவனும் இதை எழுத மாட்டான். அன்னைக்கு அருவி நல்லா விழுதுன்னு சொன்னது ஒரே ஒரு ஆள்." சுகிர்தம் திரும்பினார். "அண்ணாச்சி, செவ்வாய்க்கிழமை என்ன வீடியோ போட்டீங்க?"

பெலிக்ஸ் மகளின் கையை விட்டார்.

"கூட்டம் வரலைன்னா பழம் அழுகிப் போயிரும்னு... முந்தின நாளு எடுத்ததைப் போட்டேன்."

"அவன் குற்றாலத்தைக் கண்ணால பாத்ததே இல்ல. எங்கயோ உக்காந்து உங்க வீடியோவைத்தான் பாத்திருக்கான். மனைவி நினைவு நாள், மக சாப்பிடாம அழுதது, எல்லாம் அதுல நீங்க சொன்னதுதான்."

கிங்ஸ்லிக்குத் தன் அவசரம் சுட்டது. பெலிக்ஸால் ஒலி முகம்மதுவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த மனுஷனே வந்து அவர் தோளில் கை வைத்தார்.

அப்போது பெலிக்ஸின் செல்போன் ஒலித்தது. பழைய வீடியோவின் கீழ் புதிதாக ஒரு கருத்து. கிங்ஸ்லி அதை உரக்கப் படித்தான்.

"இன்று வீடியோ வரவில்லையே அண்ணாச்சி? மகள் ரயில் ஏறிவிட்டாளா?"

ஜெனி அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.