பூ வைத்த வரி

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்குப் பீச் ஸ்ட்ரீட்டில் பாதி அலுவலகங்கள் காலியாகிவிடும். தொழுகைக்குப் போகிறவர்கள் போவார்கள். போகாதவர்கள் அந்தச் சாக்கில் நாசி கண்டார் சோற்றுக் கடையில் வரிசை நிற்பார்கள். அந்த நேரமாகப் பார்த்துத்தான் மோகனராஜ் மாடிப்படி ஏறினார். தற்செயல் என்று அவர் சொல்லிக்கொள்வார். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கீழே கப்பல் சரக்கு அனுப்பும் கம்பெனி, மேலே அதன் கணினிப் பிரிவு. நடுப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் முகம் தெரியும். பழைய கார்ப்பெட்டும் ஏர்கானும் கலந்த ஈர வாடை எப்போதும் உண்டு. படியில் எதிரே வந்த அலுவலகத் தோழி நோர்மா, என்சிக் ராஜ் என்று மலாய் மரியாதையோடு கூப்பிட்டு, சாப்பிட வரவில்லையா என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றார். வயிறு நன்றாகத்தான் இருந்தது. எரிச்சல் அதற்கு மேலே, நெஞ்சில்.

எரிச்சலுக்குக் காரணமான சிவநேசன் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

இருவரும் அந்த மாடியில் முப்பது வருடம் எதிரெதிர் மேசை. இருவரும் எழுதியது கோபோல், இப்போது யாரும் படிக்காத பழைய நிரல் மொழி. ஏதாவது பழுதானால் மேலிடம் சிவநேசனைத்தான் கூப்பிடும். மோகனராஜ் பழுது பார்த்துக் கொடுத்தாலும், "சிவா சொல்லிக் கொடுத்தாரா?" என்று கேட்பார்கள். வீட்டிலாவது நிம்மதி உண்டா? மனைவி சுபாஷினியின் மடிக்கணினியை ஒரு தீபாவளி விருந்தில் சிவநேசன் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போனார். அதை அந்த அம்மாள் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இறுதிச் சடங்கில்கூட, முதலாளி அனுப்பிய மலர்வளையம் எத்தனை அடி என்று மோகனராஜ் கண்ணாலேயே அளந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது கம்பெனியைக் கோலாலம்பூர்க்காரர்கள் வாங்கிவிட்டார்கள். அங்கிருந்து ஷாஹிரா என்ற பெண் எழுதியிருந்தாள்: எல்லா டைரக்டரிகளிலும் தேடி, இருக்கிற கோபோல் கோப்புகள் அத்தனையையும், எழுதியவர் பெயரோடு பட்டியலிட்டு அனுப்புங்கள். பெரும்பகுதியை எழுதியவர் உயிரோடு இருந்தால் இரண்டு வருடம் ஆலோசகராக வைத்துக்கொள்வோம். இல்லையென்றால் மாடியை மூடிவிடுவோம்.

மோகனராஜுக்கு ஐம்பத்தேழு வயது. வேறு எங்கே போவது?

அவர் தேடல் கட்டளையைத் தட்டினார். திரையில் கோப்புகளின் பெயர்கள் மழையாக இறங்கின. மொத்தம் நானூற்றுப் பதினெட்டு. ஒவ்வொரு நிரலின் தலையிலும் எழுதியவர் பெயருக்கு ஒரு வரி உண்டு. அதையும் எண்ணிப் பார்த்தார். சிவநேசன், முந்நூற்று எழுபத்தொன்று. மோகனராஜ், நாற்பத்தேழு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அந்த மாடியில் சிவநேசன் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. அடுத்தவர் நிரலைத் திருத்தலாம். ஆனால் பழைய வரி எதையும் அழிக்கக் கூடாது. வரியின் முன்னால் ஏழாவது இடத்தில் பூப்போல ஒரு சின்னக் குறி இட வேண்டும். பூ வைத்த வரி அங்கேயே இருக்கும். இயந்திரம்தான் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். அடியில் தேதி, பெயர், காரணம். மோகனராஜ் அவசரத்தில் எதையாவது அழித்துவிட்டால் எதிர் மேசையிலிருந்து மெதுவாகக் குரல் வரும்:

"அழிக்காதேயும் ராஜ். ஒரு பூ வையும், காணும்."

மோகனராஜ் பூ வைக்கவில்லை. ஒரே கட்டளையில் முந்நூற்று எழுபத்தொரு இடத்திலும் சிவநேசனை அழித்துத் தன் பெயரை எழுதினார்.

மறுபடி தேடினார். சிவநேசன், பூஜ்யம்.

முப்பது வருடத்தில் அப்படியொரு மூச்சு அவர் விட்டதில்லை. பிறகுதான் மொத்தத்தைப் பார்த்தார்.

நானூற்றுப் பத்தொன்பது.

தவறாக எண்ணியிருக்கும் என்று மீண்டும் தேடினார். அதே எண். புதிய கோப்பு அவருடைய சொந்த டைரக்டரியிலேயே இருந்தது. கோப்பின் பெயர் மோகனராஜ். அவர் அதைத் திறக்காமலே அழித்தார். தேடினார்.

நானூற்றுப் பத்தொன்பது.

மருந்தெண்ணெய் வாடை வந்தது. தலைவலிக்குச் சிவநேசன் நெற்றியில் தடவிக்கொள்கிற அந்தப் பச்சை எண்ணெய். ஏர்கான் காற்றில் முதலில் லேசாக வந்தது. பிறகு கண் எரிந்தது.

எதிர் மேசையில் சத்தம் கேட்டது.

டக், டக்.

சிவநேசன் எதையும் முடிக்கும்போது எண்டர் விசையை இரண்டு முறை தட்டுவார். ஒரு முறை போதுமே என்று மோகனராஜ் எத்தனையோ நாள் முணுமுணுத்திருக்கிறார்.

அந்த மேசையில் விசைப்பலகையே கிடையாது. எட்டு மாதமாக வெறும் பலகைதான்.

அவர் கோப்பைத் திறந்தார். திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் சிவநேசன் எழுதியதைத் திருட்டுத்தனமாகத் திறந்து படிப்பது முப்பது வருடப் பழக்கம் ஆயிற்றே.

எழுதியவர்: சிவநேசன். எழுதிய தேதி: இன்று.

கீழே வரிவரியாக இருந்தது. பிறந்த தேதி, மோகனராஜுடையது. வீடு, கெலுகோர். மனைவி, சுபாஷினி. எல்லாம் சரியாக இருந்தது. பெயர் என்ற வரியும் சரியாகத்தான் இருந்தது, மோகனராஜ் என்று.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரியின் முன்னால் ஒரு பூ முளைத்தது.

அடியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன, அவசரமே இல்லாமல். பெயர்: சிவநேசன். அப்புறம் தேதி. அப்புறம் காரணம்.

'ஆசைப்பட்டுக் கேட்டதால்.'

டக், டக்.

மோகனராஜ் இயந்திரத்தை அணைத்தார். ஆனாலும் அணைப்பதற்கு முன் பட்டியலைக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டுத்தான் அணைத்தார். அந்த ஆள் அப்படித்தான்.

அடுத்த வியாழக்கிழமை ஷாஹிரா தொலைபேசியில் அழைத்தாள். வேலை உறுதி. இத்தனையையும் ஒரே ஆள் எழுதினாரா என்று இங்கே எல்லாரும் வியக்கிறார்கள் என்றாள். மோகனராஜ் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புகழைக் குடித்தார்.

"ரொம்ப நன்றி, மிஸ்டர் சிவநேசன்," என்று முடித்தாள்.

வாய் தவறியிருக்கும். கோலாலம்பூர்ப் பெண், ஆளைப் பார்த்ததில்லை. ஆனால் போனை வைத்துத் திரும்பினால் நோர்மா கேக்கோடு நிற்கிறாள். என்சிக் சிவாவுக்கு வாழ்த்து என்கிறாள். கேக்கின்மேலும் அதே பெயர். அவளை மோகனராஜ் முறைத்தார். அவள் சிரித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதினைந்து வருடம் பழகிய அதே பார்வை.

வெள்ளிக்கிழமை மாலை குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குச் சுபாஷினி இழுத்துக்கொண்டு போனாள். வேலை கிடைத்ததற்கு அர்ச்சனை. தட்டை வாங்கிய குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"சிவநேசன், பூசம்," என்றாள் சுபாஷினி.

மோகனராஜின் நட்சத்திரம் பூசமில்லை. அவர் மனைவியின் முழங்கையைப் பிடித்தார்.

"என்னா பேரு சொன்ன?"

"உங்க பேருதாங்க. வேற யாரு பேர சொல்வாங்க?" அவள் மூக்கைச் சுருக்கினாள். "சாமி முன்னாடி நிக்கிறப்பவுமா அந்த எண்ணெயத் தடவிட்டு வரணும்? நாத்தம் தாங்கல லா."

அவர் எண்ணெய் எதுவும் தடவவில்லை. கையை முகர்ந்து பார்த்தார். பச்சை வாடை நகக்கண்வரை ஏறியிருந்தது.

பர்ஸிலிருந்து அடையாள அட்டையை உருவி அவள் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

"படி. என்னா எழுதியிருக்குன்னு படி."

சுபாஷினி பொறுமையாகப் படித்தாள். எண்ணைப் படித்தாள். அடுத்தது கெலுகோர் முகவரியைப் படித்தாள். நடுவில் இருந்த வரியின்மேல் அவள் கண் நிற்கவே இல்லை, அங்கே எதுவும் இல்லாததுபோலத் தாண்டிப் போனது.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு. என்னாங்க ஆச்சு ஒங்களுக்கு?"

உள்ளே மணி அடித்தது. குருக்கள் சிவநேசனுடைய நலத்துக்காக உரக்க வேண்டிக்கொண்டிருந்தார். மோகனராஜ் அட்டையைத் தன் பக்கம் திருப்பினார்.

பெயரை யாரும் அழிக்கவில்லை. மோகனராஜ் என்று பளிச்சென்றுதான் இருந்தது.

முன்னால் ஒரு சின்னப் பூ.